எழுதாக் கற்பும் தமிழ் எழுத்தும்: மயிலை, சாந்தோம் வட்டார வடமொழி மந்திர ஓதலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வடமொழி மந்திரங்களை நாள்தோறும் இசையோடு ஓதித் தியானமாகப் பயிலும் வழக்கம் சென்னையின் மயிலாப்பூர், சாந்தோம், மந்தைவெளிப் பகுதிகளில் நெடுங்காலமாக உள்ளது. இருபதாம் நூற்றாண்டில் இவ்வோதல் குருகுல எல்லையைக் கடந்து பெண்களுக்கும் முதிர்ந்த வயதினர்க்கும் பிற நாட்டினர்க்கும் உரியதாயிற்று. இளமையில் செவிவழிக் கற்காத இவர்களுக்கு எழுத்து இன்றியமையாததாயிற்று. தமிழ் மட்டும் அறிந்தவர்க்கு அவ்வெழுத்து தமிழ் எழுத்தே. வேற்றொலிகளைத் தாங்கும் இப்பணியில் தமிழ் எழுத்து எதைச் செய்ய இயலும், எதைச் செவிக்கு விட்டுவிட வேண்டும் என்பதைத் தொல்காப்பியம், நன்னூல், வடமொழிச் சிக்ஷை நூல்கள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மந்திரம், ஓத்து, சந்தை, எடுத்தல், படுத்தல், நலிதல், வடசொல், மேற்குறி எண்கள்.

1. முன்னுரை

வேதத்தைக் குறிக்கப் பழந்தமிழ் வழங்கிய சொற்கள் பலவும் வாயையும் செவியையும் சார்ந்தவை. 'ஓத்து' என்பது ஓதப்படுவது. 'கேள்வி' என்பது கேட்கப்படுவது. குறுந்தொகை 156ஆம் பாடலில் தலைவன் பார்ப்பனத் தோழனிடம் பேசுமிடத்து வேதம் 'எழுதாக் கற்பு' எனப்படுகிறது. திருக்குறளின் 134ஆம் குறள், மறந்த ஓத்தினை மீண்டும் கற்றுக்கொள்ள இயலும் என்கிறது. மறத்தலும் மீளக் கற்றலும் நினைவில் தங்கும் கல்விக்கு உரியவை. எனவே சுவடியைத் துணைக்கொள்ளாத ஒரு கல்விமுறையைத் தமிழர் அறிந்திருந்தனர் என்பதும், அதற்குத் தம் மொழியிலேயே பெயரிட்டிருந்தனர் என்பதும் தெளிவாகின்றன.

இன்றைய நிலை வேறு. மயிலாப்பூரில் 1897ஆம் ஆண்டு முதல் இயங்கும் இராமகிருஷ்ண மடம், தியாகராய நகரின் லிஃப்கோ போன்ற பதிப்பகங்கள் வடமொழித் துதிகளையும் மந்திரங்களையும் தமிழ் எழுத்தில் அச்சிட்டு வழங்குகின்றன. காலையில் விளக்கேற்றி அமர்பவர் கையில் பெரும்பாலும் ஒரு நூல் இருக்கிறது. எழுதாக் கற்பு எழுதப்பட்டுவிட்டது. இம்மாற்றம் ஓதலின் இயல்பை எவ்வாறு பாதிக்கிறது என்னும் வினாவே இக்கட்டுரையின் அடிப்படை.

2. மந்திரம்: தமிழ் இலக்கண வரையறை

மந்திரம் என்றவுடன் அது வடமொழிக்கே உரியது என்னும் எண்ணம் எழுவதுண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் அவ்வாறு கொள்ளவில்லை. நிறைமொழி மாந்தர் தம் ஆணையால் கூறும் மறைமொழியே மந்திரம் என அது வரையறுக்கிறது. இவ்வரையறையில் மொழியின் பெயர் இல்லை. கூறுவோரின் தகுதியும் கூற்றின் ஆற்றலும் மறைபொருள் தன்மையுமே உள்ளன. இதற்கு உரை வகுத்த பேராசிரியர், நக்கீரர் பாடியனவாக வழங்கும் தமிழ்ப் பாடல்களையே சான்றாகக் காட்டுகிறார். ஆரியத்தை உயர்த்தித் தமிழைத் தாழ்த்திப் பேசிய ஒருவன் மாண்டதும் மீண்டதும் அப்பாடல்களோடு இணைத்துச் சொல்லப்படும் செய்தி. எம்மொழி மந்திரத்துக்கு ஏற்றது என்னும் பூசல் உரையாசிரியர் காலத்துக்கும் முற்பட்டது என்பதை இச்சான்று உணர்த்துகிறது.

பிறப்பியலின் இறுதிப் பகுதி மற்றொரு வேறுபாட்டைச் சுட்டுகிறது. உள்ளே எழுந்து சுழலும் காற்றின் இசையை அளந்து கொள்ளுதல் அந்தணர் மறையில் உள்ளது. வெளிப்பட்டு ஒலித்துப் பொருள் தெரிவிக்கும் காற்றின் இசையே இந்நூலில் கூறப்பட்டது என்கிறார் தொல்காப்பியர். அக இசை, புற இசை என்னும் இப்பகுப்பு மந்திரத் தியானத்தை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவுகிறது. உரக்க ஓதுதல், உதடு மட்டும் அசைய ஓதுதல், மனத்துள் ஓதுதல் எனச் செபத்தை மூன்றாக வகுப்பது வடமொழி மரபு. புறத்தே ஒலிப்பதில் தொடங்கி அகத்தே அடங்குவது அதன் படிநிலை. பதஞ்சலியின் யோக சூத்திரமும் (1:28) பிரணவத்தை ஓதுதல், அதன் பொருளைப் பாவித்தல் ஆகிய இரண்டையும் இணைத்தே கூறுகிறது. தொல்காப்பியர் தம் நூலுக்குப் புறத்தே விட்ட அக இசையே தியானம் புரிவோர்க்கு முடிவிடமாகிறது. ஆயினும் அவ்விடத்தை அடையும் வழி புற இசையின் திருத்தமே.

3. ஓதலும் பாடலும்

மந்திர ஓதலை 'இசைத் தியானம்' என வழங்குவது இன்று பெருவழக்கு. இங்கு 'இசை' என்பதன் பொருளை வரையறுத்தல் வேண்டும். தமிழகத்தில் மிகுதியாக வழங்கும் கிருஷ்ண யஜுர்வேதத் தைத்திரீய சாகையின் ஓதலில் உதாத்தம், அநுதாத்தம், சுவரிதம் என்னும் மூன்று ஓசை நிலைகள் அடிப்படை. அநுதாத்தம் தாழ்ந்தும், உதாத்தம் இடைநிலையிலும், சுவரிதம் அதற்கு மேலும் ஒலிக்கின்றன. கருநாடக இசை பயின்றோர் இவற்றை முறையே நி, ச, ரி என்னும் சுரங்களோடு ஒப்பிடுவர். மூன்று படிகளுக்குள் அடங்கும் இவ்வோசையில் இராக விரிவுக்கோ கமகத்துக்கோ இடமில்லை. சாமவேதம் மட்டுமே ஏழு சுர நிலைகளை உடைய கானமாக வளர்ந்தது.

பாணினீய சிக்ஷை ஓதுவோருள் கடையர் அறுவரைக் குறிக்கிறது: பாட்டாக இழுத்துப் பாடுபவர், விரைந்து ஓதுபவர், தலையை ஆட்டுபவர், எழுதியதைப் பார்த்து ஓதுபவர், பொருள் அறியாதவர், குரல் வலுவற்றவர். அந்நூலே நல்லோதலுக்கு இனிமை, எழுத்துத் தெளிவு, சொற்பிரிப்பு, நல்லோசை, நிதானம், லயத்திறன் ஆகிய ஆறு பண்புகளையும் கூறுகிறது. இனிமையும் லயமும் வேண்டும், பாட்டாக்குதல் கூடாது. மந்திர ஓதலின் இசைத்தன்மை இவ்விரண்டு எல்லைகளுக்கு நடுவே நிற்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் 1963இல் இசைத்தட்டாக வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதம் தமிழ் இல்லங்களின் காலைப்பொழுதோடு கலந்துவிட்ட ஒன்று. அது இராகங்களில் அமைந்த துதி. வேத மந்திரம் அவ்வகையினது அன்று. இரண்டையும் 'சுலோகம்' என்னும் ஒரே சொல்லால் சுட்டும் பேச்சுவழக்கு இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

மூவகை ஓசையும் தமிழ் இலக்கணத்துக்குப் புதியவை அல்ல. எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் ஒலிப்பு முயற்சிகளால் எழுத்தொலிகள் சிறிது திரிவதை நன்னூல் 88ஆம் நூற்பா குறிப்பிடுகிறது. எடுத்தலை உதாத்தத்தோடும், படுத்தலை அநுதாத்தத்தோடும், நலிதலைச் சுவரிதத்தோடும் ஒப்புநோக்கலாம். எழுத்தால் ஒத்துப் பொருளால் வேறுபடும் தொடர்கள் ஒலிக்கும் இசையால் வேறுபடும் எனப் புணரியலில் தொல்காப்பியர் கூறுவதும் கருதத்தக்கது. 'செம்பொன்பதின்றொடி' என்னும் உரையாசிரியர் எடுத்துக்காட்டைச் செம்பு ஒன்பதின் தொடி எனவும் செம்பொன் பதின் தொடி எனவும் பிரிக்கலாம். பொன்னா செம்பா என்பதை ஓசையே முடிவுசெய்கிறது.

வடமொழி மரபில் இதற்கு இணையாகச் சொல்லப்படுவது 'இந்திரசத்ரு' என்னும் சொல் பற்றிய கதை. தைத்திரீய சம்ஹிதையில் இடம்பெற்று, பதஞ்சலியின் மகாபாஷ்யத்தில் இலக்கணப் பயனை விளக்க ஆளப்பட்ட கதை அது. இந்திரனைக் கொல்பவன் எனப் பொருள்பட வேண்டிய தொகை, ஓசை இடம் மாறியதால் இந்திரனைக் கொல்பவனாக உடையவன் எனப் பொருள்பட்டு, வேள்வி செய்தவனுக்கே எதிராயிற்று. இரு மரபுகளும் ஓசையைப் பொருளின் உறுப்பாகவே கொண்டன.

4. வாயில் திறந்தமையும் எழுத்தின் தேவையும்

வேத ஓதல் நெடுங்காலம் உபநயனம் பெற்ற ஆண்களுக்கே உரியதாக இருந்தது. ஏழெட்டு வயதில் தொடங்கிப் பல்லாண்டுகள் ஆசிரியரோடு தங்கிக் கற்கும் பாடசாலை முறை அது. பதம், கிரமம், சடை, கனம் என ஒரே பாடத்தைப் பலவாறு மடக்கி ஓதும் முறைகள் எழுத்தின் துணையின்றியே பாடத்தைத் திரிபுறாமல் காத்தன. வேத ஓதல் மரபை யுனெஸ்கோ 2003இல் மானுடத்தின் வாய்மொழி அருஞ்செல்வமாக அறிவித்ததற்கும் இக்காப்புமுறையே காரணம்.

இம்மரபில் ஒரு திருப்பம் சென்னையில் நிகழ்ந்தது. மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகம் கற்பித்து வந்த திருமலை கிருஷ்ணமாச்சார்யர் (1888–1989) 1950களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். வைதிக ஒழுக்கம் வழுவாத வைணவராகிய அவர், பெண்களுக்கும் வெளிநாட்டவர்க்கும் மந்திர ஓதலைக் கற்பித்தார். அவர் மகன் தே.கி.வெ. தேசிகாச்சார் (1938–2016) 1976இல் நிறுவிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம், சாந்தோமை அடுத்த மந்தைவெளிப் பகுதியில் அப்பணியைத் தொடர்ந்தது. அங்கு 'வேதவாணி' என்னும் பெயரில் ஓதல் பயிற்சி தனித்துறையாகவே வளர்ந்தது. இங்கு ஓதல் வேள்விக்கு உறுப்பாக இல்லாமல் மூச்சையும் மனத்தையும் நெறிப்படுத்தும் அன்றாடப் பயிற்சியாகிறது.

இத்திறப்பின் விளைவு இருவகைப்பட்டது. ஓதும் உரிமை விரிந்தது. அதே வேளையில் கற்கும் காலம் சுருங்கியது. பணிக்குச் செல்லும் ஒருவர் கிழமைக்கு ஓரிரு முறை ஆசிரியரிடம் கேட்டதை எஞ்சிய நாள்களில் தாமே ஓதவேண்டியிருக்கிறது. அந்நாள்களில் நினைவைத் தாங்குவது நூல். சிக்ஷை நூல் குற்றமாகக் கூறிய 'எழுதியதைப் பார்த்து ஓதுதல்' புதிதாக உரிமை பெற்றோர்க்கு உள்ளே நுழையும் வாயிலாயிற்று. ஆகவே அக்குற்றத்தை அவ்வாறே அவர்கள்மேல் சுமத்துவது, திறந்த வாயிலை மீண்டும் அடைப்பதற்கு ஒப்பாகும். எழுத்தைத் திருத்தமுறச் செய்தலே தக்கது.

5. தமிழ் எழுத்தின் தாங்குதிறன்

தமிழ் நெடுங்கணக்கில் வல்லினத்துக்கு ஓரிடத்துக்கு ஓரெழுத்தே உண்டு. சூழலுக்கேற்பக் ககரம் மொழிமுதலில் வல்லொலியாகவும், மெல்லினத்தின் பின் குரலொலியாகவும், உயிர்களுக்கிடையே நெகிழ்ந்தும் ஒலிக்கிறது. எழுதுவதில் குழப்பமில்லை, ஒலிப்பு விதிவழியே தானாக அமைகிறது. தமிழுக்கு இது நிறைவான அமைப்பு. ஆனால் வடமொழியில் ககரத்தின் நான்கு ஒலிகளும் பொருள் வேறுபடுத்துவன. 'பலம்' என்னும் தமிழ் எழுத்துக்கோவை வலிமையையும் குறிக்கலாம், பழம் அல்லது பயனையும் குறிக்கலாம். வடமொழியில் அவை இரு வேறு சொற்கள். வலிமையின் முதலொலி பகர வரிசையில் மூன்றாவது. பயனின் முதலொலி இரண்டாவது.

இதற்குப் பதிப்பாளர் கண்ட வழி, எழுத்தின் தோளில் எண்ணிடுதல். வலிமை 'ப³லம்' எனவும் பயன் 'ப²லம்' எனவும் அச்சிடப்படுகின்றன. வரிசையின் முதல் ஒலிக்குக் குறியில்லை. இரண்டு, மூன்று, நான்கு ஆகியவற்றுக்கு எண் உண்டு. ஜ, ஷ, ஸ, ஹ முதலிய கிரந்த எழுத்துகள் சில ஒலிகளுக்கு உதவுகின்றன. ஓசைக்கு, அநுதாத்த எழுத்தின் கீழ்க் கிடைக்கோடும் சுவரித எழுத்தின் மேல் நேர்கோடும் இடப்படுகின்றன, உதாத்தத்துக்குக் குறியில்லை. எண்களையும் கோடுகளையும் முற்றும் விட்டுவிடும் மலிவுப் பதிப்புகளும் புழக்கத்தில் உள்ளன.

குறிகளை விடுவது தமிழ் மரபுக்கு இசைந்ததே என வாதிடுவோர் தொல்காப்பிய எச்சவியலின் வடசொல் விதியைக் காட்டக்கூடும். வடவெழுத்தை நீக்கித் தமிழுக்குரிய எழுத்தோடு பொருந்துவதே வடசொல் என்பது அவ்விதி. ஆயின் அது தமிழ்த் தொடருள் வந்து வழங்கும் சொல்லுக்கு உரியது. போர்த்துக்கேயர் புனித தோமையாரின் பெயரால் வழங்கிய ஊர்ப்பெயர் தமிழர் வாயில் 'சாந்தோம்' ஆனது இத்தகைய தமிழாக்கமே. தமிழ்த் தொடரில் 'கணபதி' என எழுதி வல்லொலியாகவே ஒலிப்பதில் குற்றமில்லை; அது தமிழாகிவிட்ட சொல். மந்திரமோ தமிழில் எடுத்தாளப்படும் சொல் அன்று. வேற்றுமொழி ஒலிக்கோவையாகவே நிற்பது. அங்கே 'க³ணபதி' என எண்ணிட்டுக் குரலொலியாக ஓத வேண்டும். வடசொல்லும் மந்திரமும் வெவ்வேறு தேவையுடையன என்னும் தெளிவு இருப்பின் இவ்விவாதத்தின் பெரும்பகுதி தானே அடங்கும்.

கிரந்த எழுத்துகளை யூனிகோடில் சேர்ப்பது குறித்து 2010இல் தமிழகத்தில் கடும் விவாதம் எழுந்ததும், பின்னர் 2014இல் வெளிவந்த யூனிகோடு 7.0 பதிப்பில் கிரந்தம் தனித்தொகுதியாக இடம்பெற்றதும் அறியப்பட்டவை. தமிழ் எழுத்தின் தனித்தன்மை குலையும் என்னும் அச்சமே அவ்விவாதத்தின் உள்ளீடு. மேற்குறி எண் முறை அவ்வச்சத்துக்கு இடந்தரவில்லை. நெடுங்கணக்கில் ஓரெழுத்தும் கூடவில்லை, குறையவில்லை. தேவையுள்ள இடத்தில் குறி ஏறுகிறது. தமிழ் எழுதும்போது இறங்கிவிடுகிறது.

6. சந்தை முறை

எனினும் எழுத்தால் இயலாதவை உள. தைத்திரீய உபநிடதத்தின் சிக்ஷாவல்லி ஓதலின் உறுப்புகளாக ஆறினைக் கூறுகிறது: வர்ணம் (எழுத்தொலி), ஸ்வரம் (ஓசை), மாத்ரா (கால அளவு), பலம் (ஒலிப்பு முயற்சி), ஸாம (சீர்மை), ஸந்தானம் (தொடர்ச்சி). இவற்றுள் எழுத்தொலியை எண்ணும், ஓசையைக் கோடும், கால அளவைக் குறில் நெடில் வேறுபாடும் பெருமளவு காட்டிவிடும். எஞ்சிய மூன்றும் தாளில் ஏறுவன அல்ல. எவ்வளவு அழுத்துவது, எங்கும் ஒரே சீராக எவ்வாறு செல்வது, மூச்சை எங்கே விட்டு எங்கே தொடர்வது என்பன கேட்டே அறியத்தக்கவை.

இதற்கான கற்பித்தல் முறையே 'சந்தை'. ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவர் இருமுறை சொல்வது இதன் வழக்கம். சிறு துணுக்கில் தொடங்கி அடியாக, பின்னர் முழுப் பகுதியாக விரியும். வேதம் பயில்வோரிடம் வழங்கும் இச்சொல், திவ்வியப் பிரபந்தம் பயிலும் வைணவரிடமும் அதே பொருளில் வழங்குகிறது. பேயாழ்வார் தோன்றிய ஊராகப் போற்றப்படும் மயிலையில், ஆதிகேசவப் பெருமாள் கோயில் கோஷ்டியில் ஒலிக்கும் தமிழ்ப் பாசுரமும் பாடசாலையில் ஒலிக்கும் வடமொழி மந்திரமும் ஒரே கற்பித்தல் முறையின் விளைவுகள். நாலாயிரத்தைத் தொகுத்த நாதமுனிகள் பாசுரங்களைத் தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவர்க்கும் இசையோடு கற்பித்தார் என்பது வைணவக் குருபரம்பரைச் செய்தி. கிருஷ்ணமாச்சார்யர் தம்மை நாதமுனிகளின் வழியினராகக் கருதியதும் இங்குக் கருதத்தக்கது. ஓதும் உரிமையை விரித்த அவர் சந்தை முறையை விடவில்லை.

சைவ மரபில் திருமுறை பாடுவோர் 'ஓதுவார்' எனப்படுவதும் இதனோடு இணைத்து எண்ணத்தக்கது. தேவாரத்தைப் பண்ணோடு பாடுவதையும் தமிழர் ஓதுதல் என்றே வழங்கினர். பாடலுக்கும் ஓதலுக்கும் வடமொழிச் சிக்ஷை இட்ட எல்லைக்கோட்டைத் தமிழ் மரபு இட்டிலது. பண்ணும் மறையும் ஓதல் என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கின.

7. அயல்மொழி வழிபாடும் மூச்சின் அளவும்

தாம் பேசாத மொழியில் நாள்தோறும் வழிபடுதல் பயனுடையதா என்னும் வினா சாந்தோமுக்குப் புதிதன்று. 1896இல் இன்றைய வடிவில் கட்டி முடிக்கப்பட்ட தோமையார் பேராலயத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) வரை திருப்பலி இலத்தீனிலேயே நிகழ்ந்தது. சங்கத்தின் 1963ஆம் ஆண்டுத் திருவழிபாட்டு ஆவணம் தாய்மொழிக்கு வழிவிட்டது. ஏறத்தாழ இதே காலகட்டத்தில் தமிழகக் கிறித்தவரிடையே மற்றொரு முயற்சியும் நடந்து வந்தது. குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் மோன்சனேன், லெ சோ (அபிஷிக்தானந்தர்) ஆகிய பிரெஞ்சுத் துறவியர் 1950இல் நிறுவிய சாந்திவனத்தில் வடமொழி மந்திரங்கள் அன்றாட வழிபாட்டில் இடம்பெற்றன. பிரம்மபாந்தவ் உபாத்யாயர் 1898இல் வடமொழியில் இயற்றிய சச்சிதானந்தத் துதியும் அங்குப் பாடப்படுவது. ஒரு சாரார் அயல்மொழியை விட்டுத் தாய்மொழிக்கு வந்தனர். மற்றொரு சாரார் வேறோர் அயல்மொழியை நாடிச் சென்றனர். பொருள் விளங்க வேண்டும் என்னும் விழைவும், ஓசையில் அமிழ வேண்டும் என்னும் விழைவும் ஒரே சமயத்தாரிடம் அருகருகே இருந்தன.

இவ்விரண்டாம் விழைவுக்கு உடலியல் சார்ந்த ஒரு விளக்கமும் உண்டு. இத்தாலிய மருத்துவர் லூச்சியானோ பெர்னார்தி குழுவினர் 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில் 23 பேர் பங்கேற்றனர். இலத்தீனில் செபமாலை சொல்லும்போதும், வடமொழி மூலமுடைய பௌத்த மந்திரத்தைச் சொல்லும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்ததையும், இதயக் குருதியோட்டத்தின் இயல்பான அலைகள் வலுப்பட்டதையும் அவர்கள் பதிவுசெய்தனர். சிறிய ஆய்வாயினும் இது காட்டுவது தெளிவு. மொழி எதுவாயினும், அடியின் நீளம் மூச்சின் நீளத்தை வகுக்கிறது. சிக்ஷாவல்லி 'ஸந்தானம்' எனவும் 'ஸாம' எனவும் கூறிய தொடர்ச்சியும் சீர்மையுமே இங்கு அளவிடப்பட்டன எனலாம். எழுத்தில் ஏறாத உறுப்புகளே தியானப் பயனுக்கு நெருங்கியவை என்பது நோக்கத்தக்கது.

ஆயினும் மூச்சளவு மட்டுமே மந்திரம் ஆகாது. பொருளறியாதவரையும் கடையருள் சேர்த்தது சிக்ஷை. பொருட்பாவனையையும் உடன்கூட்டியது யோக சூத்திரம். தமிழ் உரையோடு கூடிய பதிப்புகளின் இன்றியமையாமை இவ்விடத்தில் விளங்கும்.

8. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன வருமாறு:

ஒன்று, மந்திரத்தைத் தமிழ் இலக்கணம் ஒரு மொழிக்கு உரியதாக்கவில்லை. ஓசை வேறுபாட்டை விளக்கும் கலைச்சொற்களும் தமிழில் முன்னரே உள்ளன. ஆதலின் வடமொழி ஓதலையும் தமிழ்க் கலைச்சொற்களால் ஆராய இயலும்.

இரண்டு, ஓதும் உரிமை விரிந்ததன் விளைவாகவே எழுத்து முதன்மை பெற்றது. எழுத்துத் திருத்தம் என்பது வெறும் அச்சுச் சிக்கல் அன்று. யார் ஓதலாம் என்னும் வினாவோடு பிணைந்தது.

மூன்று, வடசொல் விதி மந்திரத்துக்குப் பொருந்தாது. மேற்குறி எண்களும் ஓசைக் கோடுகளும் தமிழ் நெடுங்கணக்கைக் குலைப்பன அல்ல; அவற்றை விடும் பதிப்புகளே கற்பவரை வழிதவறச் செய்வன. பதிப்புதோறும் வேறுபடும் குறிகளைச் சீர்மைப்படுத்தும் பணியில் தமிழ்த் துறைகளுக்கும் பங்குண்டு.

நான்கு, எழுத்து தாங்கும் அளவு ஆறில் மூன்றே. எஞ்சியவை சந்தையில் கேட்டுப் பெறுவன. நூலை வைத்து ஓதத் தொடங்கியவர் என்றேனும் ஒரு நாள் அதனை மூடிவைத்து ஓதும்போதே எழுதாக் கற்பு என்னும் பழம்பெயருக்கு உரியதாகிறது அவர் கற்ற கல்வி.